நிமிடத்துக்கு எவ்வளவு? - தள்ளுபடி அழைப்பு அட்டைகளைக் கணக்குப் பார்க்கும் முறை



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளர், "நீ எலக்ட்ரானிக்ஸ்தானே, ஃபைபர் ஆப்டிக்ஸ் பத்தி எழுதிக் குடுடா" என்றார். ஃபைபர் ஆப்டிக்ஸ் ஐந்தாம் செமஸ்டர் புத்தகத்தில் முப்பது பக்கம் இருக்கிறது, அங்கேயே படித்துக்கொள்ளலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் எங்கள் வீடு காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மொரப்பூரில் ரயில் ஏறி வேலைக்குப் போவது புதிதல்ல. என் அண்ணன் இன்னும் கொஞ்சம் தள்ளி, ஷார்ஜாவுக்குப் போனான். அவன் போன 2023-ல் அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், படம் அனுப்பலாம். பேச்சு அழைப்பு மட்டும் எடுபடாது. நம்மில் பல பேருக்கு இது தெரியாது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் பேச வேண்டும், அதற்குத் தனிக் காசு. எனவே அவன் தங்கியிருந்த அறைக்கே ஒருவர் வந்து அழைப்பு அட்டை விற்றார். 20 திர்ஹம், இந்தியாவுக்கு 100 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 20 ஃபில்ஸ். (ஒரு திர்ஹம் 100 ஃபில்ஸ்.) மற்றவர்கள் சொன்ன விலையில் பாதிதான். அண்ணன் நாலு அட்டை வாங்கி வைத்துக்கொண்டான்.

2024 பிப்ரவரி. நான் முதலாமாண்டு. புளி உலுக்கப் போன அப்பா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடனே பிளேட் வைக்க வேண்டும், இவ்வளவு ஆகும், இல்லையென்றால் வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள், சாயந்திரத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். அம்மா அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். அவன் கூப்பிட்டான். அவனிடம் மிச்சமிருந்தது கடைசி அட்டை. "உங்கள் கணக்கில் 14 நிமிடம் உள்ளது" என்று பதிவுக் குரல் சொல்லியிருக்கிறது. 14 நிமிடம் தாராளம் என்று நினைத்து, அம்மா அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தான். பிறகு டாக்டர் சொன்னதைக் கேட்டான். "பணத்துக்கு நான்..." என்று ஆரம்பித்தான். லைன் கட்.

ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. அட்டை விற்பவர் மறுநாள் ராத்திரிதான் வருவார். அண்ணன் டியூட்டியில் ஏறிவிட்டான். அம்மா அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்து அடகுக் கடைக்கு அனுப்பினார். மறுநாள் தெரிந்தது, அண்ணன் தன் முதலாளியிடம் முன்பணம் கேட்டு ஏற்பாடு செய்திருந்தான். சொல்ல வந்தது அதைத்தான். சங்கிலியை மீட்க எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது.

14 நிமிடம் எப்படி 9 ஆனது? இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் பெரியப்பா.

பெரியப்பா 1993 முதல் 2008 வரை கம்பைநல்லூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். சின்ன வயசில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போனது. அந்தக் காலத்தில் பூத் ஒதுக்கீட்டில் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை இருந்ததால் அவருக்குக் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் அவரும் மறுவிற்பனையாளர்தான். தொலைபேசித் துறையின் லைனை வாங்கி, ஊர் ஜனங்களுக்கு நிமிடக் கணக்கில் விற்று, கமிஷன் எடுத்துக்கொண்டவர். வித்தியாசம் என்னவென்றால், அவருடைய கடையில் மீட்டர் வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே இருந்தது.

அந்த மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடமே அதில்தான் இருக்கிறது. ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலில் 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. 1984-ல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதல் கிராமிய எக்ஸ்சேஞ்சை வைத்தது. அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்ற ஊர்களில் மஞ்சள் பெட்டிகள் முளைத்தன. எக்ஸ்சேஞ்ச் நிமிடத்தை எண்ணாது, பல்ஸை எண்ணும். மறுமுனையில் ரிசீவரை எடுத்ததும் லைனில் பிளஸ் மைனஸ் இடம் மாறும், அல்லது எக்ஸ்சேஞ்சே 16 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு அனுப்பும். நம் பேச்சு 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் இரண்டும் மோதாது. ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு யூனிட் காசு. தூரம் கூடினால் யூனிட் விலை கூடாது, பல்ஸின் நீளம்தான் குறையும். ராத்திரி 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்றால் பல்ஸ் நீளமாகிறது என்று அர்த்தம். அதனால்தான் நம் அப்பா அம்மா காலத்தில் ஜனங்கள் தூக்கக் கலக்கத்தோடு பூத் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். 2002 ஜனவரியில் 1000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு பி.எஸ்.என்.எல். எஸ்.டி.டி. கட்டணம் நிமிடத்துக்கு 24 ரூபாயிலிருந்து 9.60 ஆகக் குறைந்தது. தனியார் நிறுவனம் போட்டிக்கு வந்ததால் விழுந்த விலை அது. யூனிட் 1.20 என்றால், பழைய கணக்கில் 3 செகண்டுக்கு ஒரு பல்ஸ், புதிய கணக்கில் 7.5 செகண்டுக்கு ஒரு பல்ஸ். இப்போது தில்லிக்கு ஒருவர் 61 செகண்டு பேசினார் என்று வையுங்கள். 7.5 செகண்டு பல்ஸில் 9 பல்ஸ், 10.80 ரூபாய். அதே 9.60 ரேட்டை "ஒரு நிமிடப் பல்ஸ்" என்று வைத்திருந்தால்? 61-ஆவது செகண்டில் இரண்டாவது நிமிடம் விழுந்து 19.20 ஆகியிருக்கும். நிமிட ரேட் ஒன்றேதான். கொடுக்கிற காசு ஏறக்குறைய இரட்டிப்பு.

இனி அண்ணனின் அட்டைக்கு வருவோம். பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "நிமிஷ ரேட்டை விடு. பல்ஸ் எத்தனை செகண்டுன்னு கேட்டானா உங்கண்ணன்?" கேட்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். எறும்பு சைஸ் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று வரிகள் இருந்தன. அழைப்பு மூன்று நிமிடக் கட்டங்களாகக் கணக்கிடப்படும். இணைப்புக் கட்டணம் ஒவ்வொரு அழைப்புக்கும் 50 ஃபில்ஸ். முதல் உபயோகத்திலிருந்து தினசரிப் பராமரிப்புக் கட்டணம் 50 ஃபில்ஸ்.

பெரியப்பா பழைய பில் புத்தகத்தின் பின்புறத்தில் எழுதினார். 14 நிமிடம் என்றால் கையிருப்பு 280 ஃபில்ஸ். அம்மா எடுத்த உடனே இணைப்புக்கு 50 போனால் மிச்சம் 230. மூன்று நிமிடக் கட்டம் ஒன்றுக்கு 60. மூன்று கட்டம் 180, அதாவது 9 நிமிடம். மிச்சம் 50 ஃபில்ஸ், நாலாவது கட்டத்துக்குப் பத்து குறைவு. கட். பதிவுக் குரல் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். 280-ஐ 20-ஆல் வகுத்து 14 என்று சொன்னது. கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் வகுத்தது, அவ்வளவுதான்.

சரி, முழு அட்டைக்கும் இதே கணக்கைப் போடலாம். இதற்கு நம்முடைய வழக்கம் தெரிய வேண்டும். அண்ணன் தினம் ஒருமுறை பேசுவான். என் போனில் இருந்த அழைப்புப் பட்டியலை ஒரு மாதத்துக்குக் கூட்டி வகுத்தேன். சராசரி 4 நிமிடம் 10 செகண்டு. அது இரண்டு கட்டமாக, 6 நிமிடமாகக் கணக்காகும்: 120 ஃபில்ஸ். இணைப்பு 50, தினசரி 50. ஆக ஒரு நாளைக்கு 220. 20 திர்ஹம், அதாவது 2000 ஃபில்ஸில் 9 அழைப்பு. உண்மையில் பேசியது 9 தடவை 4 நிமிடம் 10 செகண்டு, அதாவது 37 அரை நிமிடம். நூறு எங்கே, முப்பத்தேழரை எங்கே! நிமிடம் 20 ஃபில்ஸ் என்று வாங்கியது 53 ஃபில்ஸில் வந்து நிற்கிறது.

அதே அட்டையை ஒரே மூச்சில் பேசித் தீர்த்தால் 96 நிமிடம் கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே விளம்பரம் செய்தவனைப் பிடித்தால் "நான் சொன்னது உண்மைதானே" என்பான். ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் வீட்டுக்குப் பேசுகிறவன் யார்? கல்யாணம் நிச்சயமானவன் ஒருவேளை பேசலாம்.

அண்ணனின் அறையில் இன்னொரு திட்டமும் விற்றார்கள். நிமிடத்துக்கு 40 ஃபில்ஸ், செகண்டுக் கணக்கு, வேறு பிடித்தம் இல்லை. பார்த்தவுடன் "டபுள் ரேட்" என்று எல்லாரும் ஒதுக்கிவிட்டார்கள். 4 நிமிடம் 10 செகண்டுக்கு அதில் 166.7 ஃபில்ஸ். 2000-க்கு 12 அழைப்பு, 50 நிமிடம். டபுள் ரேட்காரன்தான் மலிவு. கணக்கைப் போட்ட அன்று அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. (செகண்டுக் கணக்குப்படி அதற்குக் காசு ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.)

செகண்டுக் கணக்கின் அருமை நம் நாட்டுக்கும் தாமதமாகத்தான் புரிந்தது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுவதும் நிமிடம் ஒரு ரூபாய் என்று கொண்டுவந்தது பெரிய விஷயம்தான். ஆனால் 2009-ல் டாடா டோகோமோ செகண்டுக்கு ஒரு பைசா என்று இறங்கியபோதுதான் மற்ற கம்பெனிகள் ஓடிவந்து அதையே செய்தன. நிமிடத்துக்கு 60 பைசா என்பதைவிட, பத்து செகண்டு பேசினால் பத்து பைசாதான் என்பதில்தான் ஜனங்களுக்கு லாபம்.

நம் ஊர்க்காரன் மட்டும் ஏமாந்தான் என்று நினைக்க வேண்டாம். டொரண்டோவிலும் பாரிஸின் லா ஷாப்பல் பகுதியிலும் இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகளில் ஒரு காலத்தில் இந்த அட்டைகள் குவிந்து கிடந்தன. போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பேச அவர்களுக்கு வேறு வழி குறைவு. அமெரிக்காவில் 2008-ல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் அட்டை நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டபோது, அட்டைகளை வாங்கி டயல் செய்து நேரம் பார்த்தே சோதித்தது. சொன்ன நிமிடங்களில் சராசரியாகப் பாதியளவுதான் கிடைத்தது. 2011-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் நாலு அட்டை நிறுவனங்களுக்குத் தலைக்கு 50 லட்சம் டாலர் அபராதம் முன்மொழிந்தது. குற்றச்சாட்டு எங்கள் அண்ணன் கதைதான்: பெரிய எழுத்தில் நிமிடம், சின்ன எழுத்தில் பிடித்தம்.

சோதனை என்றதும் எனக்கும் ஆசை வந்தது. இரண்டாமாண்டு விடுமுறையில் அண்ணனும் நானும் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு மூன்று அட்டைகளைச் சோதித்தோம். செய்முறை சுலபம். அழைக்கும் முன் இருப்பைக் கேட்டுக் குறிக்க வேண்டும். ஒரு நிமிடம் ஐந்து செகண்டில் வைக்க வேண்டும், மறுபடி இருப்பைக் கேட்க வேண்டும். அடுத்து மூன்று நிமிடம் ஐந்து செகண்டு. பல்ஸ் நீளம் தானே வெளியே வந்துவிடும். மறுநாள் காலையில் பேசாமலே இருப்பைக் கேட்டால் தினசரிப் பிடித்தம் தெரியும். கடைசியாக மணி அடிக்க விட்டு நான் எடுக்காமல் இருந்தேன். ஒரு அட்டையில் அதற்கும் ஒரு கட்டம் போயிருந்தது! பெரியப்பாவிடம் சொன்னபோது, "ரிவர்சல் வராம மீட்டர் ஓடுமா? என் பூத்துல இப்படி நடந்திருந்தா கண்ணாடிய உடைச்சிருப்பாங்க" என்றார்.

அந்தச் சோதனையில் இன்னொன்றையும் கவனித்தேன். மிக மலிவான அட்டையில் அண்ணன் கூப்பிட்டால் என் போனில் வெளிநாட்டு எண் வராது. ஏதோ ஒரு இந்திய மொபைல் எண் வரும். ஒவ்வொரு தடவையும் வேறு எண். குரலும் டின்னுக்குள் இருந்து பேசுவது போல் வரும். குரலை நொறுக்குவது எல்லாரும் செய்வதுதான். 64 கிலோபிட் குரலை ஜி.729 முறையில் 8 கிலோபிட்டாகச் சுருக்கிவிடலாம். ஆனால் இந்திய எண் எப்படி வந்தது?

இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டு அழைப்பு முறையான வழியில் இந்தியாவுக்குள் வந்தால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நம் நாட்டு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை கொடுக்க வேண்டும். இது 2020 மே மாதம் டிராய் வைத்த வரம்பு. உள்நாட்டு அழைப்புக்கு ஒரு நிறுவனம் மற்றதற்குக் கொடுப்பது 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அழைப்பை இன்டர்நெட்டில் நம் ஊருக்குக் கடத்தி, ஒரு பெட்டியில் செருகிய பத்து முப்பது சிம் கார்டுகளில் ஒன்றின் வழியாக உள்ளூர் கால் போல் வெளியே விடுவது. சிம்முக்கு அன்லிமிடெட் பேக். மலிவு விலையின் ரகசியம் இதுதான்.

போன வருஷம் நம் ஹாஸ்டல் பசங்களிடம் ஒரு ஆள் பேச்சுக் கொடுத்தார். "தம்பி, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறீங்க, ஒரு ரூம் எடுத்து ஒரு பெட்டிய வச்சுப் பாத்துக்கணும், கரண்ட் பில்லும் பிராட்பேண்டும் நாங்க கட்டுறோம், மாசம் பதினஞ்சாயிரம். சிம் மட்டும் உங்க பேர்ல, ஃப்ரெண்ட்ஸ் பேர்ல வாங்கிக் குடுங்க." இன்டர்நேஷனல் கால் ஃப்ரான்சைஸ் என்று பெயர் வைத்திருந்தார். நண்பன் ஒருவன் பாதி சம்மதித்துவிட்டான். அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அவனைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வந்து "நல்ல ஆஃபராடா?" என்று கேட்டான்.

பெரியப்பாவின் பூத்துக்குச் சுவரில் மாட்டிய அனுமதிக் கடிதம் இருந்தது. மறுவிற்பனை என்பதே குற்றமல்ல. 2016-லிருந்து மெய்நிகர் வலையமைப்பு நிறுவனங்கள் என்ற பெயரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை அதற்கு உரிமமே கொடுக்கிறது. எனவே அந்த ஆளிடம் உரிமத்தின் நகலைக் கேட்கச் சொன்னேன். கேட்ட பிறகு ஆள் போனையே எடுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் சேவை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டியின் சொந்தக்காரன் எங்கோ இருப்பான். ரூம் நம் பேரில், சிம் நம் ஆதாரில். உங்கள் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒருவர் பேரில் பொதுவாக ஒன்பது வரைதான் அனுமதி. வெளிநாட்டுக் கால் இந்திய எண்ணில் வந்தால் புகார் செய்யவும் அங்கேயே வசதி உண்டு. நான் செய்தேன்.

ரீசார்ஜ் விஷயத்தையும் கேட்பீர்கள். அதில் நிமிடம் இல்லை, நாள்தான் பல்ஸ். 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 அல்ல, 13 தடவை. உதாரணத்துக்கு 28 நாளுக்கு 200 ரூபாய் என்றால் நாளுக்கு 7.14. 30 நாளுக்கு 210 என்றால் நாளுக்கு 7. பத்து ரூபாய் கூடத் தெரிகிறதே என்று விடாதீர்கள். 2022-ல் டிராய் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு டேட்டாவோடு பேக் போட்டு வீணாக்க வேண்டாம். பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பேக் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்திருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

அப்பா இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், மரம் ஏறுவதில்லை. அண்ணன் 40 ஃபில்ஸ் திட்டத்துக்கு மாறிவிட்டான், கடைசி இரண்டு திர்ஹத்தைத் தொடாமல் அவசரத்துக்கு வைத்திருக்கிறான். பெரியப்பாவின் பூத் மானிட்டரைப் பரணிலிருந்து இறக்கி நம் லேபில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சிவப்பு எல்.இ.டி. எண்களில் இரண்டு எரியவில்லை, பல்ஸ் ஃபில்டர் நன்றாக இருக்கிறது. திறந்து பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மதியம் வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கொண்டு வரவும், லேபில் இருந்தது காணாமல் போய்விட்டது.